ஆடி மாதத்தில் குதிரைப் பாடம்

நாற்பத்து நாலு வயதில் குதிரை ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்த பெண் ஊட்டியில் இருந்தாள். நான் அடி அண்ணாமலை கிராமத்தில், என் தம்பியின் கொல்லை நிலத்தில் இருந்தேன். இன்றுவரை நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

தம்பி கல்யாண ஊர்வலங்களுக்கு விடுவதற்காக ஒரு வெள்ளைப் பெண் குதிரை வைத்திருக்கிறான். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் அது தின்றுவிட்டுச் சும்மா நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது, "ஏறி ஒரு போட்டோ எடுத்துக்கோக்கா" என்றான். ஏறினேன். வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் இருபது வருடமாக நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பவள் நான். அந்த உயரத்திலிருந்து பக்கத்து வாழைத் தோட்டமும், அதற்கப்பால் கிரிவலப் பாதையில் நடப்பவர்களின் தலைகளும் தெரிந்தன. இறங்க மனசே வரவில்லை.

"எனக்கு ஓட்டக் கத்துக்குடுடா" என்றேன்.

"எனக்கே கையில புடிச்சிக்கினு நடக்கத்தான் தெரியும்" என்றான்.

என் கணவர் டவுனில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவர்தான் தேடிப்பிடித்து அந்தப் பெண்ணிடம் பேசினார். குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பதே அவள் தொழில். கால் முறிந்து கட்டுப் போட்டு வீட்டில் இருந்ததால், வீடியோ காலில் பாடம் எடுக்கத் தொடங்கியிருந்தாள். என்னைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் நான் டீச்சர் என்றேன். அவள் அக்கா என்றாள்.

"கால் எப்படி உடைஞ்சுது டீச்சர்?" நான் கேட்ட முதல் சந்தேகமே அதுதான்.

"பயப்படாதீங்கக்கா. குதிரையில இருந்து விழல. எங்க வீட்டு மாடிப்படியில வழுக்கிட்டேன்" என்று சொல்லி அவளே சிரித்துவிட்டாள். எனக்குத் தைரியம் வந்தது.

முதல் இரண்டு வாரம் ஏறவே விடவில்லை. தம்பியின் பைக் ஹெல்மெட்டைப் பார்த்ததும் அது ஆகாது என்றாள். குதிரையேற்றத்துக்கான ஹெல்மெட் கூரியரில் வரும்வரை குதிரைக்கு உடம்பு தேய்த்துவிடவும், அதன் தோளருகே நடக்கவும், அது காதை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று பார்க்கவும் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாவது வாரம் ஏறினேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய கொல்லை தரிசாகக் கிடந்தது. நடுவில் தம்பி நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, குதிரை அவனைச் சுற்றி வந்தது. என் பையிலிருந்த இன்னொரு போனும் அதே வீடியோ காலில் சேர்ந்திருந்ததால், டீச்சரின் குரல் என் காதில் இயர்போன் வழியாகக் கேட்டது. வட்டத்துக்கு வெளியே என் கணவர் தன் போனைத் தூக்கிப் பிடித்தபடி கூடவே நடந்தார்.

"அண்ணா, மலை நல்லா தெரியுது. கொஞ்சம் அக்காவையும் காட்டுங்க" என்பாள் அவள்.

பாடம் முடிந்ததும் வீடியோவை நிறுத்திப் பார்த்து, என் முதுகின்மேல் சிவப்புக் கோடு போட்டு அனுப்புவாள். கோடு வில் மாதிரி வளைந்திருக்கும். "ஃபைல் பாக்குற மாதிரியே உக்காந்திருக்கீங்கக்கா." மறுநாளிலிருந்து அலுவலகத்திலும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுக்காரம்மா, "ஏம்மா, ஆபீசர் யாராச்சும் வராங்களா?" என்று எழுந்து நின்றுவிட்டார்.

குதிரை ஓட ஆரம்பித்தால் அதன் அடிக்கு ஏற்ப எழுந்து எழுந்து உட்கார வேண்டும். அதுதான் எனக்கு வரவே இல்லை. அது எழும்பும்போது நான் உட்காருவேன், பல்லெல்லாம் ஆடும். டீச்சர் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். சிக்னல் தாமதத்தில் அவள் ஒன்று என்னும்போது குதிரை மூன்றுக்குப் போயிருக்கும்.

ஒரு பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை. முதல்முறையாகக் கயிற்றைக் கழற்றச் சொன்னாள். இரண்டு சுற்று நடந்திருப்போம். கிரிவலப் பாதையில் ஒரு சிவனடியார் கூட்டம் பெரிய மேளங்களோடு கைலாய வாத்தியத்தை முழங்கிக்கொண்டு வந்தது. குதிரை அதைக் கல்யாண மேளம் என்றே எடுத்துக்கொண்டது. ஊர்வலத்தில் பழகியபடி, நின்ற இடத்தில் முன்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடத் தொடங்கியது.

"அக்கா, மூச்சை..." என்றாள் டீச்சர். அதோடு லைன் அறுந்துவிட்டது. பௌர்ணமிக் கூட்டத்தில் நெட்வொர்க் அப்படித்தான்.

"ஐயோ, இறங்கிடு" என்று கணவர் ஓடிவந்தார். தம்பியும் ஓடிவந்தான்.

"கிட்ட வராதீங்க. நான் பாத்துக்குறேன்" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். விட மறந்திருந்த மூச்சை விட்டேன். குதிகாலைக் கீழே அழுத்தினேன். எங்கே போகவேண்டுமோ அங்கே, வரப்போர வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு லகானை மெல்ல அந்தப் பக்கமாக விலக்கிப் பிடித்தேன். ஆட்டம் நின்றது. குதிரை திரும்பி நடந்தது. ஆசை வந்துவிட்டது எனக்கு. இரண்டு காலாலும் லேசாக அணைத்தேன்; ஓடியது. மேளம் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அந்த அடிக்கு எழுந்தேன், உட்கார்ந்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன். பல் ஆடவில்லை. குதிரையின் முதுகு என்னைத் தானாகவே தூக்கிவிட்டது. கொல்லையை முழுசாக ஒரு சுற்று வந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. தம்பி பிற்பாடு சொன்னான்.

"அக்கா, கேக்குதா? என்ன ஆச்சு?" டீச்சர் திரும்ப லைனில் வந்துவிட்டாள். கணவர் மூச்சிரைக்கப் போனை என் பக்கம் திருப்பினார். அவள் ஒரு அரைச் சுற்று பார்த்தாள். பிறகு மெதுவாக, "நிறுத்தாதீங்க. அப்படியே இன்னொரு சுத்து வாங்க" என்றாள்.

மூன்று சுற்று வந்தேன். இறங்கியதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். குதிரை குனிந்து என் ஹெல்மெட்டை மோந்தது.

ஆவணி பிறந்ததும் கல்யாணங்கள் வந்துவிட்டன. முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் மட்டும் எனக்குக் குதிரை கிடைக்கிறது. டீச்சருக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. அவள் மறுபடி குதிரை ஏறிய அன்று, தன் போனை வேலிக்கம்பத்தில் சாய்த்துவைத்துவிட்டு, "இன்னிக்கு நீங்க பாத்து சொல்லுங்கக்கா. என் முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். பனிக்குள்ளிருந்து ஒரு பழுப்புக் குதிரை மேட்டில் ஏறி வந்தது. அவள் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தாள். சொன்னேன். உடனே சரிசெய்துகொண்டாள்.