பாஸ்போர்ட் எடுத்த பிறகு மொட்டை போடுங்கள்

நகரியிலிருந்து திருப்பதிக்குப் போய், மலையில் காணிக்கையும் கீழே பாஸ்போர்ட் வேலையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரியம்மா பக்கத்தில் படுத்திருக்கிறாள். அதனால் போர்வைக்குள் ஒளிந்து அம்மாவின் போனில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் அம்மாவுக்கும் நைனாவுக்கும் கோர்ட்டில் விவாகரத்து ஆனது. கேஸ் முடிந்தால் முடி தருவதாக அம்மா வேண்டியிருந்தாள். அம்மா நர்ஸ். இப்போது மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. "பொண்ண எங்கிட்ட உட்டுட்டுப் போ" என்று பெரியம்மா தினமும் சொல்கிறாள். அம்மா உடனே வேறு பேச்சை எடுத்துவிடுவாள். பெரியம்மா நல்லவள்தான், ஆனால் வாரத்தில் நாலு நாள் பாகற்காய். என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று அம்மாவிடம் கேட்க எனக்குப் பயம். "துணைக்கு வா" என்று அவள் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன்.

விடிவதற்குள் பஸ் ஏறினோம். புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு ஒன்றரை மணி நேரம். ஜன்னல் சீட் பிடியுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் உங்கள் தோளில் தூங்குவார். அலிபிரியில் மலை பஸ் மாறினோம். மேலே மொட்டைக்குக் காசு கிடையாது. டோக்கனும் பிளேடும் அவர்களே தருகிறார்கள்.

அம்மாவின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். அது விழும்போது அழுவாள் என்று கைக்குட்டையோடு நின்றேன். அவளோ தலையைத் தடவிப் பார்த்து, "ஏ, காத்து வருதுடி!" என்று சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது. என்னையும் மஸ்கட் கூட்டிக்கொண்டு போனால் நானும் முடி தருகிறேன் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். பெருமாள் அவசரத்தில் மறந்துவிட்டால்? முன்பணம் மாதிரி அப்போதே கொடுத்துவிடலாம் என்று நானும் உட்கார்ந்துவிட்டேன்.

"உனுக்கு என்னாடி வேண்டுதல்?"

"சொன்னா பலிக்காதும்மா."

தரிசன வரிசை நீளமாக இருந்ததால் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். மத்தியானம் பாஸ்போர்ட் ஆபீஸ். போட்டோவை அங்கேயேதான் எடுப்பார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை!

கவுன்டரில் இருந்தவர் ஆதாரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "இது யாரும்மா? முடி வளந்தப்புறம் வாங்க."

"அதுக்குள்ள வேலை போய்டும் சார்."

பின்னாலிருந்து மேலதிகாரியான ஒரு பெண் எழுந்து வந்தார். அவர் தலையிலும் அரை விரல் அளவுக்குத்தான் முடி. "ஏமய்யா, திருப்பதியில வேலை பாத்துக்கினு மொட்டையப் பாத்து பயப்படுறியா? காது, மூக்கு, கண்ணு ஒத்துப்போகுதா பாரு. முடியா பிளைட்ல போகுது?"

அம்மாவை கேமரா முன்னால் உட்கார வைத்தார்கள். பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"அடுத்த மொட்டை வாம்மா" என்றார் கவுன்டர்காரர்.

நான் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் இல்லை.

"உன்னத்தாண்டி" என்றாள் அம்மா. என்னை அவளிடம் ஒப்படைத்த கோர்ட் தீர்ப்பு, என் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அவள் கையில் இருந்தன. மஸ்கட்டில் வீடு பார்த்த கையோடு என்னை அழைத்துக்கொள்ளப் போகிறாளாம். போட்டோவில் பல் தெரியக்கூடாதாம். வாயை மூட எனக்கு வெகுநேரம் பிடித்தது.

வெளியே கரும்புச்சாறு குடிக்கும்போது என் வேண்டுதலைச் சொன்னேன்.

"அடிப் பைத்தியம்! உன் பேரையும் சேத்துதான்டி அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன்."

"ஏம்மா சொல்லல?"

"நைனா கையெழுத்து இல்லாம குடுப்பாங்களோ, மாட்டாங்களோன்னு எனுக்கே பயம்டி. கெடைக்கலன்னா நீ அழுவியே."

ஆக, இரண்டு பேருமே பயத்தை ஆளுக்கொரு பக்கம் மறைத்துக்கொண்டு ஒரே பஸ்ஸில் போயிருக்கிறோம். இன்னும் பத்து வருடம் அம்மா பாஸ்போர்ட்டில் மொட்டை. சின்னப் பெண் என்பதால் எனக்கு ஐந்து வருடம்தான்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். முதலில் பாஸ்போர்ட் ஆபீஸ், அப்புறம் மலை. தொப்பி எடுத்துப் போங்கள், வெயில் சுடுகிறது. முக்கியமாக, பெருமாளிடம் வேண்டுவதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவளிடம் கேட்க முடி கொடுக்க வேண்டியதில்லை.