சொல்தா வீட்டுப் பிள்ளை பலூன் சுட்ட கதை

இன்று லீவு. வியட்நாமில் நான் வேலை பார்க்கும் சைகோனிலிருந்து தனியாக வுங் டாவ் போயிருந்தேன். கடற்கரையோரம் சின்னச் சின்னப் பொழுதுபோக்குப் பூங்காக்கள். துருப்பிடித்த ராட்டினம், மோதுகார், குழந்தை ரயில்.

மூன்றாவது பூங்காவில் பலூன் சுடும் கடை. சுட்டேன், ஒன்றுகூடத் தப்பவில்லை.

கடைக்கார அக்கா சிரித்தார். "தம்பி, எங்கே பழகினாய்?"

அரைகுறை வியட்நாமியில் பெருமையாகச் சொன்னேன். "ரத்தத்திலேயே இருக்கிறது அக்கா. என் கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். பிரெஞ்சுக்காரர்கள் கிளம்புகிறவரை இந்த நாட்டில்தான் சண்டை போட்டார்."

எங்கள் ஊர் காரைக்காலில் இதைச் சொன்னால் மரியாதையே வேறு. சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுச் சிப்பாய் வீடு என்றால் பிரான்ஸ் பென்ஷன், மாடி வீடு, கல்யாணச் சந்தையில் கூடுதல் விலை. அந்தப் பழக்கத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது.

அக்கா புதுப் பலூனுக்கு முடிச்சுப் போட்டபடி கேட்டார். "இங்கே யாரைச் சுட்டார்?"

கோபமே இல்லை. ஊர், பேர் விசாரிப்பதுபோலத்தான் கேட்டார்.

நான் துப்பாக்கியைப் பலகையில் வைத்தேன். பக்கத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருந்த அவர் கணவர்தான் பேசினார். "விடு, இவன் பலூனோடு நிறுத்திக்கொண்டான். பெரிய கரடிப் பொம்மையாகப் பார்த்துக் கொடு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

இப்போது திரும்பும் பஸ்ஸில் இருக்கிறேன், மடியில் கரடியோடு. எங்கள் வீட்டுக் கூடத்தில் கொள்ளுத்தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பதக்கம் தொங்குகிறது. எதற்காகக் கொடுத்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சொல்தா வீட்டு நண்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது எதையாவது கேட்டதுண்டா? பென்ஷன் வந்ததா என்பதைத் தவிர.