அப்பா தானே நகர்ந்த ஒரு வாரம்

மன்னார்புரத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிய இரண்டு சைக்கிள் சக்கரம், தண்ணீர்க் குழாயை வளைத்துப் பற்றவைத்த சட்டம், உட்காருவதற்கு நான் இழுத்துக் கட்டிக் கொடுத்த நாடா. என் தம்பி இன்ஜினீயரிங் சேர்ந்த முதல் வருஷம் தன் கையால் செய்த நாற்காலி அது. எழுபதுகளின் கடைசி, எடமலைப்பட்டி புதூரில் இருந்தோம். பஸ் டிரைவராக இருந்த அப்பாவுக்கு ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அம்மா இல்லாத வீடு. கொல்லைக்குப் போவதென்றாலும் நான்தான் தூக்கிப் போக வேண்டும். மகள் தூக்குகிறாளே என்று அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

முதல் வருஷப் பிள்ளைகள் யாராவது ஒருவருக்கு உதவுகிற பொருளைத் தாங்களே யோசித்துச் செய்ய வேண்டும் என்பது வாத்தியார் வைத்த பாடம். செய்ததை அந்த ஆள் ஒரு வாரம் உபயோகித்துப் பார்க்க வேண்டும்.

அந்த வாரம் அப்பா தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனார். கதவைத் தானே சாத்திக்கொண்டார். அந்தச் சத்தம் கேட்டு அடுப்படியில் நின்று அழுதேன். தெருமுனை டீக்கடை வரைக்கும்கூடப் போனார்.

“என்ன டிரைவரே, வண்டி ஸ்ரீரங்கம் போகுமா?” என்றார் கடைக்காரர்.

“போகும். உன்னை ஏத்த மாட்டேன். நீ என்னிக்குய்யா டிக்கெட் எடுத்திருக்கே?”

வாரக் கடைசியில் தம்பி சோற்றைப் பிசைந்தபடி சொன்னான். “நாளைக்கு நாற்காலிய காலேஜுக்குக் கொண்டுபோகணும்ப்பா. பாரம் ஏத்தி உடைக்கணும். எங்க விடுதுன்னு பார்த்து எழுதினாத்தான் பாஸ்.” அவனுக்கு அது முன்னாலேயே தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

“உடைக்கிறதுக்காடா செஞ்சே?” என்று கத்தினேன்.

“சும்மா இரும்மா. அவன் படிக்கட்டும்” என்றார் அப்பா.

வேறு செய்து தருகிறேன் என்றான். செய்யத்தான் நினைத்தான். பரீட்சை முடிவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாற்காலியைக் கொண்டுபோன அன்று தம்பி சந்தோஷமாகத்தான் திரும்பி வந்தான். “உங்களை மாதிரி நாலு பேரைத் தாங்குச்சுப்பா! அதுக்கு மேலதான் பத்தவச்ச இடம் விட்டுச்சு.”

அப்பா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் ஒருத்தன்தானேடா” என்றார்.

தம்பி பெரிய உத்தியோகம் பார்த்து இப்போது ஓய்வு பெற்றுவிட்டான். உடைத்துப் பார்க்காமல் எதையும் கற்க முடியாது என்று இன்றைக்கும் சொல்கிறான். இருக்கலாம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அன்று சாயங்காலம் அப்பாவைத் தூக்கியவள் நான்தான். முன்பெல்லாம் தூக்கும்போது என் கழுத்தைக் கையால் சுற்றிக்கொள்வார். அன்றைக்குக் கை இரண்டையும் தொங்கவிட்டு, மூட்டை மாதிரிக் கிடந்தார்.