பாக்கியம் அத்தை தொண்டைக்குப் போட்ட பூட்டு

பண்டாரவளையில ஒரு பெரிய சாமான் கடை. பில் போடுற புள்ள, "போன் நம்பர் சொல்லுங்க ஆன்ட்டி, பொயின்ட்ஸ் சேரும்"னு கேட்டுச்சு. பாக்கியம் அத்தை கூடைய டக்குனு கீழ வச்சுட்டு, "நான் தக்காளி வாங்க வந்தேனா, சம்பந்தம் பேச வந்தேனா?"ன்னு கேட்டுச்சு. வரிசையில நின்னவங்க சிரிச்சாங்க. அத்தை சிரிக்கல. நம்பரும் குடுக்கல.

அடையாள அட்டையில பாக்கியலெட்சுமி. எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீடுகள்ல எல்லாருக்கும் பாக்கியம் அத்தை. எனக்குப் பக்கத்து வீடு. கொழுந்து எடுக்குற வேல. அத்தைக்கு ரெண்டு குரல் இருக்கு. ஒண்ணு மலைக் குரல். மேல் மலையில நின்னு "ஏய்ய்ய், மழை வருதுடீ"ன்னா, கீழ் மலையில கொடைய விரிச்சிருவாங்க. இன்னொண்ணு டவுன் குரல். பேங்குலயும் ஆஸ்பத்திரியிலயும் மட்டும் வெளிய வரும். "ஐயா, கொஞ்சம் பாருங்கய்யா"ன்னு, பூனை பால் கேக்குற மாதிரி. ரெண்டையும் நான் பேசிக் காட்டுவேன். "ஒரு நாளைக்கு ஒன் வாயில காந்துற கொச்சிக்கா தேய்ப்பேன்"னு மிரட்டும். மறுபடி பேசச் சொல்லி அதுவே சிரிக்கும்.

எங்க லயத்துல சிக்னல் ஒரே எடத்துலதான் கெடைக்கும், அத்தை வீட்டு முன்னால நிக்கிற கொய்யா மரத்துல. சோடாப் போத்தலப் பாதியா வெட்டி கெளையில கட்டியிருக்கு. அதுக்குள்ளதான் அத்தையோட பட்டன் போன் குடியிருக்கு. மணி அடிச்சா யாரு கிட்டக்க நிக்கிறாங்களோ அவங்க எடுத்து, "அத்தே, ஒனக்குத்தான்"னு கத்துவாங்க.

அந்த போனுக்கு உண்மையான சொந்தக்காரி விஜிதா. அத்தையோட ஒரே மக, குவைத்துல வீட்டு வேலைக்குப் போயிருக்கா. அங்க வீட்டுக்காரம்மா ஞாயித்துக்கெழம மட்டும் தன்னோட போனக் கையில குடுக்கும். விஜிதாவுக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பர் இது ஒண்ணுதான். அன்னைக்கு அடிச்சுக் கெடைக்கலன்னா அடுத்த ஞாயிறு வரைக்கும் அத்தைக்குச் சோறு எறங்காது.

அந்த நம்பரத்தான் போன் கம்பெனி வெட்டிட்டான்.

முன்னாடியே எச்சரிக்கை அனுப்பியிருந்தான். "உங்கள் குரலைப் பதிவு செய்யவும். தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும்." நான்தான் வாசிச்சுக் காட்டினேன். அத்தை கேட்டுட்டு, "பேசுறதுக்குக் காசு வாங்குறான், சரி. தொண்டையையே எழுதிக் கேக்குறானா? போகச் சொல்லு"ன்னுச்சு. வெள்ளிக்கெழம காலையில போன் செத்துப் போச்சு. கொழுந்துக் கூடைய மாட்டாம, நல்ல சீலையக் கட்டிக்கிட்டு, "வாடா புவி, பதுளைக்கு"ன்னு என்னையும் இழுத்துக்கிட்டுப் போச்சு.

கம்பெனி கடையில மேனேஜர் இரகுநாதன், யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுசன்தான், ஆனா கண்ணாடி மாதிரி வழுக்குவார்.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. இனி உங்கட குரல்தான் திறப்பு. உலகத்திலை வேற ஒருத்தராலயும் திறக்கேலாது, விளங்குதே?"

"என் வாய் ஒங்களுக்குச் சாவியா?"

"ஓமம்மா. வலு பாதுகாப்பு."

ஞாயிறு நெனப்புல அத்தை பல்லக் கடிச்சுக்கிட்டு ஒத்துக்கிச்சு. மேசையில இருந்த மெஷினுக்குப் பக்கத்துல குனிஞ்சு, சுத்தமான டவுன் குரல்ல, "என் குரலே என் அடையாளம்"னு பதிஞ்சுச்சு. இப்ப அதயே திருப்பிச் சொன்னா நம்பர் தொறக்குமாம்.

மெஷின் பொம்பள சொன்னா: "தயவுசெய்து சத்தமாகவும் தெளிவாகவும் பேசவும்."

சத்தமாவா? அத்தை நிமிந்து, மலைக் குரல எடுத்துச்சு. "என் குரலே என் அடையாளம்ம்ம்!" வாசல்ல நின்ன செக்யூரிட்டி உள்ள ஓடி வந்தான்.

"மன்னிக்கவும். உங்கள் குரல் பொருந்தவில்லை."

"என் குரல் எனக்குப் பொருந்தலையா? அடி சிறுக்கி!" மறுபடி கத்துச்சு. மறுபடி பொருந்தல.

"இன்னும் ஒரே ஒரு முறை முயற்சிக்கலாம்."

இரகுநாதன் வேர்வையத் தொடச்சார். "அம்மா, இதுவும் பிழைச்சால் கொழும்பிலைதான் திறக்கோணும். ரெண்டு கிழமை போகும்."

ரெண்டு கெழமன்னா ரெண்டு ஞாயிறு. அத்தை மூஞ்சி விழுந்துருச்சு. நான் அத சிரிக்க வைக்கத்தான், "அத்தே, நீங்க இப்பிடில்ல சொன்னீங்க"ன்னு, தலையச் சாச்சு, பூனைக் குரல்ல, "என் குரலே என் அடையாளம்"னேன்.

"நன்றி, பாக்கியலெட்சுமி. உங்கள் குரல் உறுதிப்படுத்தப்பட்டது."

வரிசையில நின்னவங்க எல்லாரும் எட்டிப் பாத்தாங்க.

"சரி, திறந்திட்டுதுதானே," இரகுநாதன் எழும்பிட்டார். "சந்தோசமாப் போங்கோ."

அத்தை நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்துச்சு. "நான் கத்துனா தொறக்காது. இந்த மீச மொளைச்ச பய மொணகுனா தொறக்கும். இதுதான் ஒங்க பூட்டா? அழிங்க."

"அழிச்சால் நம்பரும் போயிடும் அம்மா."

"அத்தே, விஜிதா... விட்டுருங்க, போலாம்"னு காதுல சொன்னேன்.

"வாய மூடு. நாளைக்கு எவனாச்சும் என்ன மாதிரிப் பேசி அந்த நம்பரத் தூக்கிட்டா, எம்மக யாருகிட்டடா பேசுவா?" மேனேஜர் பக்கம் திரும்புச்சு. "நம்பரும் வேணும், என் தொண்டையும் வேணும். இல்ல, இவன இந்த வாசல்லயே நிக்க வைப்பேன். வர்றவங்க போறவங்க கொரல் எல்லாத்தையும் பேசிக் காட்டட்டும். புவி, ஐயா மாதிரிப் பேசு."

"வேண்டாம் தம்பி"ன்னார் இரகுநாதன்.

"ஓமம்மா, வலு பாதுகாப்பு. விளங்குதே?"ன்னேன் நான்.

வரிசையில நின்ன ஒருத்தர் வாய் விட்டுச் சிரிச்சார். கைக்கொழந்தையோட வந்த அம்மா, "அப்ப என் குரலையும் அழிச்சிருங்க சேர்"னுச்சு. இரகுநாதன் கதவப் பாத்தார், என்னப் பாத்தார், பெருமூச்சு விட்டார். மேச லாச்சியத் தொறந்து பழைய கைரேகை மெஷின எடுத்து வச்சார்.

"அடையாள அட்டையத் தாங்கோ அம்மா."

"இத முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?" கொழுந்துக் கறை படிஞ்ச பெருவெரல அத்தை ஓங்கி வச்சுச்சு. குரல் அழிஞ்சுச்சு. நம்பர் நின்னுச்சு.

ஞாயித்துக்கெழம கொய்யா மரத்துல மணி அடிச்சுச்சு. நான்தான் கிட்டக்க. எடுத்து, அச்சு அசலா அத்தை குரல்ல, "விஜிதா, சாப்ட்டியாம்மா?"ன்னேன்.

"டேய் புவி, போன வச்சிட்டு அம்மாவக் கூப்புடு!"

நான் கூப்புடுறதுக்குள்ள அத்தை அடுப்படியில இருந்து ஓடி வந்துக்கிட்டே, "இந்தா வந்துட்டேன்ன்ன்!"னு மலைக் குரல்ல ஒரு கத்து கத்துச்சு. போன் இல்லாமயே குவைத்துக்குக் கேட்டிருக்கும்.