நத்தைச் சண்டைக்கு நடுவராக இருந்தவன்

"ஃபெலிக்ஸ் போயிட்டாருண்ணே" என்று ஸ்டெல்லா போனில் சொன்னாள். "நல்லாத்தான் இருந்தாரு. காலையில கூட அந்த மேட்ச்சைப் பத்தி சண்டை போட்டோம்." எந்த மேட்ச் என்று அவனை அறிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மயிலாப்பூரில் நான் வீடியோ கேம் கடை வைத்திருந்தேன். ஞாயிறுதோறும் பூதச் சண்டைப் போட்டி. கையடக்க மெஷினில் அவரவர் வளர்த்த பூதத்தோடு வருவார்கள். இரண்டு மெஷின்களை ஒயரால் இணைத்து மோதவிடுவோம். சாந்தோமில் பூசை முடிந்ததும் ஃபெலிக்ஸ் வந்து நடுவராக உட்காருவான். சம்பளம் ஒரு காபி. ஆட்டம் நடக்கும்போது அதையும் குடிக்க மாட்டான். ஒருத்தர் பக்கம் திரும்பிக் குடித்தால் மற்றவர் தப்பாக நினைப்பாராம். பைத்தியக்காரன்!

சிக்கல் ஸ்டெல்லா உருவத்தில் வந்தது. அவனுக்கு நிச்சயமான பெண். அவள் வளர்த்த டிராகன் ஒரே மூச்சில் எதிரியைச் சாம்பலாக்கிவிடும். கடையின் கிறிஸ்துமஸ் போட்டிக் கப்பில் அவள் பேரை இப்போதே பொறித்துவிடலாம் என்று பேச்சு. "இன்னா நைனா, பரிசத்துக்குப் பதிலா கப்பு போடப் போறியா?" என்று முரளி என்ற ஆட்டக்காரன் நேராகவே கேட்டுவிட்டான். ஃபெலிக்ஸின் முகம் சுண்டிப்போனது. "அவ நியாயமாத்தான் ஆடறா. ஆனா பாக்கறவங்களுக்கும் அப்படித் தெரியணுமே" என்றான்.

புது விதி போட்டான். மோதுவதற்கு முன் உன் மெஷினை எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும். உன் பூதத்தை வைத்து அவன் ஆடுவான், அவன் பூதத்தை வைத்து நீ. "இனிமே எவனாவது அக்கிரமமான பூதத்தைக் கொண்டாருவானா?" என்று என்னிடம் பெருமையடித்தான். கொண்டுவரவில்லைதான். கப்பு ஆட்டத்துக்கு ஸ்டெல்லா ஒரு நத்தையோடு வந்தாள். முரளியும் ஒரு நத்தையோடு வந்தான். ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்வதைத் தவிர அந்தப் பூதத்துக்கு வேறொன்றும் தெரியாது.

இது உள்ளே போனது. அதுவும் உள்ளே போனது. சாயங்காலம் வரை இரண்டும் வெளியே வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கபாலி கோயிலுக்குப் போய்ப் பிரகாரம் சுற்றிவிட்டு வந்து, "இன்னும் உள்ளதான் கீதா?" என்று கேட்டார்கள். கடைசியில் பேட்டரி தீர்ந்து முரளியின் மெஷின் அணைந்தது. அது அப்போது ஸ்டெல்லாவின் கையில் இருந்தது.

"செத்தது அவன் மெஷினு. நான்தான் ஜெயிச்சேன்!"

"ஆடினது நீ. நீதான் தோத்தே!"

இரண்டு பேரும் ஃபெலிக்ஸைப் பார்த்தார்கள். ஸ்டெல்லா விரலில் இருந்த நிச்சயதார்த்த மோதிரத்தைத் திருகிக்கொண்டே பார்த்தாள். பாவம், அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. "பேட்டரி தீந்ததுக்கு நத்தை என்ன பண்ணும்? யாருக்கும் கப்பு கிடையாது" என்றான்.

மோதிரத்தைக் கழற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு திரும்ப வந்தாள், மோதிரத்துக்காக அல்ல, தீர்ப்பை எதிர்த்து வாதாட. வாதாடிக்கொண்டே கல்யாணமும் ஆனது. வாதம் மட்டும் ஓயவே இல்லை.

அடக்கத்தன்று அந்தக் கப்பைத் துடைத்து எடுத்துப்போனேன். "இந்தாம்மா, நீதான் ஜெயிச்சே. இனிமே அவன் வந்து மறுத்துப் பேசப் போறதில்ல" என்று நீட்டினேன். அழுது சிவந்த கண்ணால் என்னை முறைத்தாள்.

"இன்னாண்ணே, அவரு கண்ணை மூடினதும் தீர்ப்பை மாத்தறீங்களா? எடுத்துக்கினு போங்க."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பேர் பொறிக்காத அந்தக் கப்பு என்னிடம்தான் இருக்கிறது, ஃபெலிக்ஸ். யாருக்கும் கொடுக்க மாட்டேன்டா.