முட்டி வரைக்கும் கடல்

போன வாரம் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவின் தண்ணீர் டேங்கருக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். தர்மபுரி பக்கம் எங்கள் நல்லம்பள்ளியில் கோடை வந்துவிட்டால் அதை இழுக்கும் டிராக்டருக்கு ஓய்வே கிடையாது. "பழைய செல் நம்பரேதானுங்களா?" என்று பெயின்டர் கேட்டார். அப்பா வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து அம்மா, "அத மாத்துனா ரெண்டு பேரும் வூட்டுக்குள்ள வராதீங்க" என்றாள். சொன்னால் சிரிப்பீர்கள், டேங்கின் பின்பக்கம் இருக்கிற அந்த நம்பர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பத்தையே கரையேற்றியது.

ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் பிறந்த எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜாதகம் எழுதியவர் சொல்லிவிட்டார். கல்யாணம் ஆகும்வரை ஆறு, குளம், கிணறு எதிலும் இறங்கக் கூடாதாம். தம்பி கிணற்றில் தலைகீழாகக் குதிப்பான். நான் பக்கெட்டில் மொண்டு குளிப்பேன். ஒகேனக்கல் போனால் அத்தனை பேரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள், நான் மீன் வறுக்கும் கடைகளுக்குப் பக்கத்தில் பாறைமேல் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல். மீன் வறுவல் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அடுத்தவர் செருப்புதான்.

அப்படிப்பட்டவள் மேல்படிப்புக்கு இத்தாலி போனேன். கூடப் படித்த கியாரா, ஒரு வார இறுதியில் மலைக் கிராமங்கள் வழியாகக் கடற்கரை ஊர்களுக்குப் போகலாம் என்று கூப்பிட்டாள். மலை என்றதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்துச் சித்தேரி மலை பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தவளுக்கு வளைவெல்லாம் ஒரு பொருட்டா? மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகம் வெளுத்துக் கிடக்க, நான் புளிப்பு மிட்டாய் விநியோகம் செய்துகொண்டிருந்தேன். கல் வீடுகளுக்கு நடுவே ஒரு சின்னக் கடையில், அந்த ஊரின் விசேஷம் என்று கியாரா ஒன்றை வாங்கித் தந்தாள். தட்டைப் பார்த்தால் களி! கேழ்வரகுக்குப் பதில் செஸ்நட் என்ற கொட்டையின் மாவு, அவ்வளவுதான். களிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வந்தவளை அது துரத்தி வந்து பிடித்துக்கொண்டது. அள்ளி அள்ளித் தின்றேன்.

மறுநாள் பஸ் மலையிறங்கியபோது கடைசி வளைவில் கடல். அதுவரை நான் கடலை நேரில் பார்த்ததில்லை. எல்லோரும் ஓடினார்கள். நான் பழக்கதோஷத்தில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அப்பா வீடியோவில் வந்தார்.

"எங்கம்மா இருக்கற?"

போனைத் திருப்பிக் காட்டினேன். அவரும் கடல் பார்த்ததில்லை.

"அடேயப்பா, எவ்ளோ தண்ணி!" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "முட்டி வரைக்கும் எறங்குறியா பாப்பா? நான் பாத்துக்கிட்டே இருக்கறேன்."

"கண்டம் இருக்குதுங்க! புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" பின்னால் அம்மா.

"அதான் நான் பாக்கறேன்ல!"

இறங்கினேன். அப்பாவுக்கு என் முகமும் தெரிய வேண்டும், தண்ணீரும் தெரிய வேண்டும் என்று கடலுக்கு முதுகைக் காட்டி நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். அப்படி நிற்கக் கூடாது என்று தர்மபுரிக்காரிக்கு யார் சொல்லித் தந்தார்கள்? "பாப்பா, பின்னால!" என்று அப்பா கத்தியது மட்டும் கேட்டது. அலை அடித்துக் குப்புறத் தள்ளியது. எழுந்தால் தண்ணீர் முட்டி அளவுதான். வாயெல்லாம் உப்பு. கையில் போன் இல்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நல்லம்பள்ளியில் அவர்கள் கடைசியாகப் பார்த்தது என்மேல் விழுந்த அலையை. அதை நினைத்ததும் கரைக்கு ஓடினேன். கியாரா தன் போனை நீட்டினாள். இந்தக் காலத்தில் யாருக்கு யார் நம்பர் தெரியும்? அம்மா நம்பர், தம்பி நம்பர் எதுவும் வரவில்லை. கண்ணை மூடினேன். டேங்கரின் பின்பக்கம் தெரிந்தது. பள்ளிக்கூட நாளெல்லாம் சைக்கிளில் அதன் பின்னாலேயே போனவள் நான். கண்ணைத் திறக்காமல் படித்தேன், கியாரா அழுத்தினாள்.

"இன்னிக்கி லோடு வராதுங்க, போன வையிங்க" என்றது ஓர் உடைந்த குரல்.

"அப்பா, எனக்கு லோடு வேண்டாம்ப்பா. இங்கயே நெறைய கெடக்குது."

அம்மாவைப் பார்த்துக் கத்தினார், "பாப்பாதான்டி... நம்ம பாப்பாதான்!" அப்பா அழுது நான் கேட்டது அன்றுதான். நானும் மணலில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு நிம்மதியாக நான் அழுததே இல்லை. போனைப் பிடுங்கி அம்மா வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. வைது முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, "போவுது வுடு. கண்டம் அந்தப் போனோட போயிருச்சு" என்றாள்.

உண்மையாகவே போய்விட்டது. கல்யாணம் இன்னும் ஆகவில்லை. ஆனாலும் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. படிப்பு முடிந்து திரும்பியதும் ஒகேனக்கல் போனோம். அம்மாதான் என் கையைப் பிடித்து அருவிக்கு இழுத்துப் போனாள். ஆசை தீரக் குளித்துவிட்டு வந்தால், பாறைமேல் அப்பாவின் செருப்பைக் காணோம்.

"காவலுக்கு ஆளில்லாம போச்சே" என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டு வரை அவர் வெறுங்காலோடு சிரித்துக்கொண்டே நடந்து வந்தார்.