சாந்தா ரொசாலியாவுக்கு ஒன்பதாம் நம்பர்

கிளறாவுக்கு உதைபந்தாட்டத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் தொண்ணூற்று நாலாம் ஆண்டு இத்தாலியின் பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோ சந்தையில் யாராவது அவளை மறித்து லின்னைப் பற்றிக் கேட்டால் போதும், மீன் வாங்க வந்ததை மறந்து அரைமணி நேரம் கதைப்பாள்.

லின் தாய்வான்காரி. பதினெட்டு வயதிலேயே தன் நாட்டுக்காக ஆடியவள். பலெர்மோவின் சின்னதொரு பெண்கள் அணி அவளைக் கோல் அடிப்பதற்கென்றே கூப்பிட்டிருந்தது. சம்பளம் பெயருக்குத்தான். அதனால், மன்னாரிலிருந்து வந்து லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டு வேலை பார்த்த கிளறாவோடு ஓர் அறையில் ஒண்டிக்கொண்டாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இத்தாலியமும் சோறும்தான்.

இரண்டாம் வருடம் லின்னின் முழங்கால் போய்விட்டது. வைத்தியர் கையை விரித்தார். உயிர்த்த ஞாயிறுக்குள் ஓடாவிட்டால் ஊருக்கு ரிக்கற் எடுத்துத் தருகிறோம் என்றது அணி.

லின் அழவில்லை. அவளுக்கும் சேர்த்து கிளறாவே அழுதாள். அழுது முடித்து, அடுத்த ஞாயிறே அவளைப் பெல்லெக்ரீனோ மலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பலெர்மோத் தமிழருக்கு, கிறிஸ்தவ வேதக்காரரானாலும் சைவக்காரரானாலும், தலையிடி வந்தால்கூட அந்த மலைக் குகையிலிருக்கும் புனிதை சாந்தா ரொசாலியாதான். சுகமானவர்கள் தொங்கவிட்ட வெள்ளிக் கால்களுக்கு முன்னால் நின்று கிளறா நேர்த்தி வைத்தாள்.

"தாயே, இவள் திரும்ப விளையாடினாளெண்டால் இவளின்ரை ஒன்பதாம் நம்பர் சேர்ட்டை உமக்குத் தாறன்."

அது தாய்வான் அணிச் சட்டை. லின் தலையணைக்குக் கீழே மடித்து வைத்திருப்பது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேர்ந்துவிட்டாள் புண்ணியவதி!

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மலைதான். முதலில் பாதி வழியில் குந்தியவள், மாசி மாதம் வளைவுக்கு வளைவு நின்று கிளறாவுக்காகக் காத்திருந்தாள்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய குருத்து ஞாயிறு ஆட்டத்தில் கடைசி இருபது நிமிடம் அவளை இறக்கினார்கள். பாழாய்ப்போன அதே காலில் திரும்பி, பந்தை வலைக்குள் அடித்தாள் லின். கிளறா பூசையில் வாங்கிய குருத்தோலையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள், பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத கிழவியைக் கட்டிக் கொஞ்சினாள். லின்னைப் போகவிட மாட்டோம் என்றது அணி.

வீட்டுக்கு வரும் வழியில்தான் நேர்த்தி நினைவு வந்தது. மென்று விழுங்கிச் சொன்னாள். லின் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"என் நாட்டிலிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்" என்றாள் இத்தாலியத்தில். அதன்பின் மூன்று நாள் பேச்சில்லை.

பெரிய வியாழன் பின்னேரம் வேலை ஓய்வு. சட்டைக்குப் பதிலாகத் தன் தோட்டையாவது கொடுப்போமென்று கிளறா அதைக் கழற்றிக் கைலேஞ்சித் துண்டில் முடிந்தாள். கதவைத் திறந்தால் வாசலில் லின். ஒன்பதாம் நம்பர் சட்டை, செருப்பில்லாத கால்கள்.

"அக்கா, தோட்டைப் போடுங்கள். கால் என்னுடையது. நேர்த்தியை நான்தான் தீர்க்கவேண்டும்."

மலையில் கோயில்காரர் சட்டையை நாலாய் மடித்து வெள்ளிக் கால்களுக்குப் பின்னால் செருகினார். சிஞ்ஞோராவிடம்கூடக் குரல் உயர்த்தாத கிளறா அவரை அதட்டினாள்.

"விரிச்சுப் போடுங்கோ! நம்பர் தெரியவேணும்!"